பெயர் ஒன்று, பிறப்பு வேறு: ஸ்போர்ட்ஸ் பைக்கின் பேனல்கள் எதோடு பொருந்தும்?

2017இல் யமஹா தன் ஆர்6 பைக்குக்குப் புது முகம் வைத்தது. ஆர்1இன் சாயலில் எல்இடி விளக்குகள் மூக்குக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டன. நடுவில் காற்றை உள்வாங்கும் வாய் வந்தது. முன் இண்டிகேட்டர்கள் பக்கக் கண்ணாடிகளுக்குள் போய்விட்டன. காற்றைக் கடந்து செல்லும் திறன் 8 சதவீதம் கூடியிருப்பதாக நிறுவனம் சொன்னது. ஆனால் அந்தப் புதுப் பேனல்களுக்கு உள்ளே இருந்த 599 சிசி எஞ்சினும், அதைச் சுமந்த அலுமினிய டெல்டாபாக்ஸ் ஃபிரேமும் பெரும்பாலும் 2008 முதல் வந்துகொண்டிருந்தவைதான். 2008க்கும் 2016க்கும் இடையில் ஆர்6 வாங்கியிருந்தவர்கள் இதைக் கவனிக்கத் தவறவில்லை. பழைய பைக்கில் புது முகத்தை ஏற்றும் வேலை பல நாடுகளில் தொடங்கியது.

அந்த வேலை நடக்கவும் நடக்கிறது. ஆனால் நாலு பேனலை வாங்கி மாட்டிவிட்டு எழுந்துவிட முடியாது. முகப்பைத் தாங்கும் பிராக்கெட், விளக்குகள், காற்றுக் குழாய், டேங்க், வால் பகுதியைச் சுமக்கும் சப்-ஃபிரேம் என்று ஒவ்வொன்றாகப் பின்னாலேயே வரும். முன் மட்கார்டு மட்டும் அப்போதும் உட்காராது. பழைய ஆர்6இன் ஃபோர்க் குழாய் 41 மி.மீ. விட்டம் கொண்டது, புதியது 43 மி.மீ. மட்கார்டு பிடித்திருப்பது ஃபோர்க்கை, ஃபிரேமை அல்ல.

இந்த ஒரு உதாரணத்துக்குள் பேனல் மாற்றத்தின் முழு அறிவியலும் இருக்கிறது. ஒரு பேனல் பொருந்துமா என்பதை அதன் வெளித்தோற்றம் சொல்லாது, பைக்கின் பெயரும் சொல்லாது. அந்தப் பேனல் எதன்மேல் உட்காருகிறதோ அதுதான் சொல்லும். உட்கார்ந்த பிறகு அது வேலை செய்யுமா என்பதைக் காற்றும் வெப்பமும் சொல்லும்.

காற்றோடு நடக்கும் கணக்கு

ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஃபேரிங், அதாவது பேனல்கள் சேர்ந்த வெளிக்கூடு, அழகுக்காகப் பிறக்கவில்லை. 1950களின் கிராண்ட் பிரீ பந்தயங்களில் முன் சக்கரத்தையே மூடிக்கொள்ளும் முழுக்கூடுகள் ஓடின. இத்தாலியின் மாண்டெல்லோ டெல் லாரியோவில் இருந்த மோட்டோ குஸி நிறுவனம் அதற்காகச் சொந்தமாகவே காற்றுச் சுரங்கம் கட்டியிருந்தது. அந்தக் கூடுகள் வேகத்தைக் கூட்டின. பக்கக் காற்று அடித்தால் பைக்கைத் தூக்கி ஓரமாகப் போடவும் செய்தன. 1957 பருவத்தோடு அவை தடை செய்யப்பட்டு, முன் சக்கரம் வெளியே தெரியும் இன்றைய வடிவம் நிலைபெற்றது. சாலைக்கு வந்த பைக்குகளில் 1976இன் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் காற்றுச் சுரங்கத்தில் வடித்தெடுத்த ஃபேரிங்கோடு வந்தது. 1985இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 பந்தயப் பைக்கின் உருவத்தைச் சாதாரண வாடிக்கையாளர் கைக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பிளாஸ்டிக் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். பைக்கும் குனிந்திருக்கும் ஓட்டுநரும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பயனுறு பரப்பு 0.35 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்ப்பு விசை சுமார் 160 நியூட்டன். அதற்குத் தேவை 4.5 கிலோவாட். வேகம் 200 ஆனால் விசை நாலு மடங்காகி 650 நியூட்டனைத் தொடும். திறன் எட்டு மடங்காகி 36 கிலோவாட் ஆகும்.

சிறிய பைக்கில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2008இல் இந்தியாவுக்கு வந்த முதல் யமஹா ஆர்15இன் திறன் 17 குதிரைத்திறன், அதாவது சுமார் 12.5 கிலோவாட். அதே பரப்பை வைத்துக்கொண்டால் 130 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய 10 கிலோவாட் போய்விடும். மிச்சம் செயினுக்கும் டயருக்கும்தான். பொருந்தாத பேனல் ஒன்று அந்தப் பரப்பைக் கொஞ்சம் கூட்டினாலும் பைக்கின் உச்ச வேகமும் மைலேஜும் குறையும். எஞ்சினில் கோளாறு தேடிக் காசு செலவழிப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு யார் உறவு?

பேனல் மாற்ற நினைப்பவர் முதலில் செய்யும் தவறு, பைக்கின் பெயரை நம்புவது. ஆர்6 என்ற ஒரே பெயரில் 1999 முதல் 2020 வரை பல தலைமுறைகள் வந்தன. 2006-07 ஆர்6ஐயும் 2008 ஆர்6ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் 2008இல் ஃபிரேமைத் திருத்தினார்கள், சப்-ஃபிரேமை மக்னீசியத்தில் வார்த்தார்கள். அதனால்தான் மாற்றுப் பேனல் செய்து விற்பவர்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கிட் விற்கிறார்கள். ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆரிலும் இதே கதை. 2003-04க்கு ஒன்று, 2005-06க்கு வேறொன்று.

இதற்கு நேர்மாறாக, பெயர் வேறாக இருந்தும் பேனல் பொருந்தும் குடும்பங்கள் உண்டு. சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600, ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். 2006-07 தலைமுறையில் 600இன் சிலிண்டர் விட்டம் 67 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 42.5 மி.மீ. 750இல் அவை 70 மி.மீ., 48.7 மி.மீ. எஞ்சின் உள்ளே மாறியதே தவிர, இரண்டுக்கும் சக்கர இடைவெளி 1400 மி.மீ. என்று ஒன்றாகவே இருந்தது. ஃபிரேமும் பேனல்களும் பொது. ஒன்றில் உடைந்த பக்கப் பேனலுக்கு மற்றொன்றின் பேனலை எடுத்து மாட்டலாம். ஸ்டிக்கரும் நிறமும்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதே ஆண்டுகளின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 இந்தக் குடும்பத்தில் சேராது. அதன் ஃபிரேம் வேறு.

கவாஸாகியிலும் இந்த வழக்கம் உண்டு. 2013இல் வந்த நிஞ்ஜா 300க்கும், தென்கிழக்கு ஆசியச் சந்தைகளில் விற்ற அதே ஆண்டின் நிஞ்ஜா 250க்கும் உடல் ஒன்று. 2018இல் நிஞ்ஜா 400 வந்தபோது அதன் ஃபிரேமையும் பேனல்களையும் புதிய நிஞ்ஜா 250யும் பகிர்ந்துகொண்டது. ஆனால் 2008இன் நிஞ்ஜா 250ஆர் பைக்கில் 2013இன் பேனலை ஏற்ற நினைத்தால் பாடு படத்தான் வேண்டும்.

இதற்குக் காரணம் தொழிற்சாலையின் பொருளாதாரம். ஒரு பெரிய பேனலை வார்க்கும் எஃகு அச்சுக்கு ஆகும் செலவு மிக அதிகம். ஒரே அச்சை இரண்டு எஞ்சின் அளவுகளுக்குப் பயன்படுத்தினால் அந்தச் செலவு இரண்டு மாடல்களில் பகிர்ந்துவிடும். வெவ்வேறு நாடுகளில் உரிம விதியும் வரியும் எஞ்சின் அளவைப் பொறுத்து மாறுவதால், ஒரே பைக்கில் எஞ்சினை மட்டும் மாற்றி விற்பது நிறுவனங்களுக்கு வசதி. அந்த வசதிதான் நமக்கும் உதிரி பாகச் சுதந்திரமாக வந்து சேர்கிறது.

நிறுவனமே வேறாக இருந்தும் உடல் ஒன்றாக அமைந்த உதாரணம் நம் ஓசூரில் இருக்கிறது. டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் 2013இல் கூட்டுச் சேர்ந்தன. 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர்310 வந்தது. 2022 ஜூலையில் பிஎம்டபிள்யூ ஜி310ஆர்ஆர் வந்தது. இரண்டும் ஓசூர்த் தொழிற்சாலையில் உருவானவை, இரண்டிலும் 312.2 சிசி எஞ்சின். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் நிறமும் சின்னமும் கிராஃபிக்ஸும் மாறியிருக்கும், பேனல்களின் உருவம் மாறியிருக்காது.

ஆர்15இல் கதை கலவையானது. 2008இன் முதல் பதிப்புக்கும் 2011இன் இரண்டாம் பதிப்புக்கும் முன்பக்கத் தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது பின்பக்கம். நீளமான அலுமினிய ஸ்விங்ஆர்ம் வந்து, சக்கர இடைவெளி 1290 மி.மீ.இலிருந்து 1345 மி.மீ. ஆனது. ஒற்றை சீட் இரண்டாகப் பிரிந்தது. பின்விளக்கு எல்இடி ஆனது. பழைய ஆர்15க்குப் புது வால் வைக்க ஆசைப்பட்டவர்கள் சீட்டைப் பூட்டும் இடம், வாலைத் தாங்கும் கிளாம்பு, விளக்கு ஒயரிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. 2018இல் 155 சிசி எஞ்சினோடு வந்த மூன்றாம் பதிப்பு முற்றிலும் வேறு பைக். அதன் பேனலை இரண்டாம் பதிப்பில் ஏற்றுவது உறவில்லாத வீட்டில் பெண் கேட்கிற கதைதான்.

வால் பகுதியில் இந்தச் சிக்கல் எப்போதுமே கூடுதல். மாஸிமோ தாம்புரினி வடிவமைத்து 1994இல் விற்பனைக்கு வந்த டுகாட்டி 916ஐயும் அதன் தம்பியான 748ஐயும் பாருங்கள். பக்கப் பேனல்கள் இரண்டுக்கும் பொது. ஆனால் ஒருவர் மட்டும் உட்காரும் வாலும் இருவர் உட்காரும் வாலும் வெவ்வேறு சப்-ஃபிரேமைக் கேட்கும். இருவர் சீட்டை எடுத்துவிட்டு ஒற்றை சீட் வைக்க விரும்புகிறவர் பிளாஸ்டிக்கோடு இரும்பையும் சேர்த்தே தேட வேண்டும்.

பேனலின் முதுகைப் படியுங்கள்

சென்னை புதுப்பேட்டையில் பழைய பேனல் வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அதைத் திருப்பிப் பார்ப்பது. வெளிப்பக்கம் பெயின்ட்டும் ஸ்டிக்கரும். உண்மை எல்லாம் உள்பக்கத்தில்.

அங்கே இரண்டு தகவல்கள் அச்சில் வார்த்திருக்கும். ஒன்று பொருளின் பெயர். கூரடைப்புக் குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் அல்லது பிபி என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். இந்த ஏபிஎஸ் பிரேக் சமாச்சாரம் அல்ல, ஒரு வகைப் பிளாஸ்டிக். பெயின்ட் அடித்த பெரிய பேனல்கள் பெரும்பாலும் இதில்தான் வரும். பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். கறுப்பாக, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் உள் மூடிகளும் மட்கார்டுகளும் இதில் வரும். ஏபிஎஸ்ஸை அசிட்டோன் கரைக்கும் என்பதால் அதே பிளாஸ்டிக்கைக் கரைத்து விரிசலை ஒட்டலாம். பிபியில் அது நடக்காது, பெயின்ட்டும் எளிதில் பிடிக்காது. நிறம் மாற்ற நினைக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டால் பெயின்ட் செலவு வீணாகாது.

இரண்டாவது தகவல் பாக எண். சில பேனல்களில் அது முழுதாக இருக்கும், சிலவற்றில் அரைகுறையாக இருக்கும். ஹோண்டாவின் எண்ணில் மூன்று பகுதிகள். முதல் ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்று சொல்லும். நடுவில் வரும் மூன்று எழுத்துகள் அது எந்த மாடலுக்காக முதலில் வரையப்பட்டது என்று சொல்லும். எம்இஇ என்றால் 2003இல் தொடங்கிய சிபிஆர்600ஆர்ஆர், எம்எஃப்ஜே என்றால் 2007இல் வந்தது. சுசுகியும் அப்படியே: முதல் ஐந்து பாகம், நடுவில் மாடல், கடைசியில் நிறம். யமஹா மாடலை முதலில் வைக்கும். 2சி0 என்று தொடங்கினால் 2006 ஆர்6, 13எஸ் என்று தொடங்கினால் 2008 ஆர்6.

இதைப் படிக்கத் தெரிந்தால் உறவுமுறை தானாகப் புலப்படும். உங்கள் பைக்கின் உதிரி பாகப் பட்டியலில் ஒரு பேனலுக்கு வேறு மாடலின் குறியீடு வந்தால், நிறுவனமே அந்தப் பாகத்தை அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது என்று பொருள். நிறக் குறியீடு மட்டும் வேறாகி மற்றதெல்லாம் ஒன்றானால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். எண் வேறானால், பட்டியலில் பேனலின் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. அதைத் தாங்கும் பிராக்கெட்டின் எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டு பைக்குகளுக்குப் பிராக்கெட் எண் ஒன்றானால் திருகுத் துளை ஒன்றுபட்டு வரும். அது மாறியிருந்தால் பேனல் எவ்வளவு ஒத்துப்போனாலும் சந்தேகப்படுங்கள்.

ஒரு திருகுக்குள் இருக்கும் பொறியியல்

ஃபேரிங்கைப் பிடித்திருக்கும் ஒரு திருகை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். அனேகமாக 5 அல்லது 6 மி.மீ. திருகு. பேனலின் துளைக்குள் ஒரு ரப்பர் புஷ். அந்த ரப்பருக்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய், மெக்கானிக்குகள் காலர் என்பார்கள். பேனலும் ரப்பரும் சேர்ந்த தடிமனைவிட அந்தக் காலர் ஒரு மயிரிழை நீளம். திருகை எவ்வளவு முறுக்கினாலும் அதன் தலை போய் உட்காருவது காலரின்மேல். பேனல் நசுங்காமல் ரப்பருக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

இந்த மிதப்பு ஏன்? ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெப்பத்தில் விரியும் வேகம் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு. 600 மி.மீ. நீளமுள்ள பக்கப் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் 25 டிகிரியில் இருந்தது, மே மாத வெயிலில் நின்று 65 டிகிரி ஆகிறது. பேனல் சுமார் 2 மி.மீ. நீளும். அதே நீளமுள்ள அலுமினிய ஃபிரேம் அரை மி.மீ. மட்டுமே நீளும். மீதி ஒன்றரை மி.மீ. எங்கே போகும்? ரப்பர் வாங்கிக்கொள்ளும், நீள்வட்டமாக வெட்டியிருக்கும் துளை வாங்கிக்கொள்ளும். இரண்டும் இல்லாவிட்டால் பேனல்தான் வாங்கிக்கொள்ளும், விரிசலாக.

வேறு மாடலின் பேனலை மாட்டும்போது முதலில் தொலைவது இந்தக் காலர்தான். பழைய பேனலோடு அது போய்விட்டிருக்கும். ஒரு வாஷரை வைத்து இறுக்கினால் அன்றைக்கு உறுதியாகத்தான் தெரியும். கொஞ்ச நாளில் துளையின் விளிம்பிலிருந்து மெல்லிய கோடு ஒன்று ஓடத் தொடங்கும். துளை ஒத்துவரவில்லை என்று டிரில் எடுத்துப் புதுத் துளை போட்டாலும் இதே கதி. இழுவிசையில் இருக்கும் தகட்டில் வட்டத் துளையின் விளிம்பில் அழுத்தம் மூன்று மடங்காகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் குஸ்டாவ் கிர்ஷ் 1898இலேயே கணக்கிட்டுக் காட்டினார். தொழிற்சாலைப் பேனலில் துளையைச் சுற்றித் தடித்த வளையம் வார்த்திருப்பது இந்த மூன்று மடங்கைத் தாங்கத்தான். நாம் போடும் துளைக்கு அந்த வளையம் கிடையாது.

திருகு கழன்றுவிடும் என்று பயந்து திரெட் லாக்கர் பசை தடவுகிறவர்கள் உண்டு. உலோகத்துக்கு அது நல்லது. ஏபிஎஸ்ஸிலும் பாலிகார்பனேட்டிலும் பட்டால் அது பிளாஸ்டிக்கைத் தாக்கி விரிசல் விடச் செய்யும். பிரேக் ஆயிலும் அப்படியே.

கம்பெனிப் பேனலையும் சந்தையில் விற்கும் நகலையும் பிரிப்பதும் மில்லிமீட்டர்தான். சூடான ஏபிஎஸ் அச்சுக்குள் குளிரும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். 600 மி.மீ. பேனலில் அது 2 முதல் 4 மி.மீ. வரை. நிறுவனத்தின் அச்சு இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துப் பெரிதாக வெட்டப்பட்டது. இன்னொருவர் செய்த பேனலிலிருந்து அச்செடுத்து வார்க்கும் நகலில் அந்தக் கணக்கு பிசகினால், முதல் திருகு பொருந்தும், கடைசித் திருகு பொருந்தாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எந்தத் திருகையும் முதலில் முழுதாக இறுக்குவதில்லை. எல்லாத் திருகுகளையும் இரண்டு சுற்றுப் பிடிக்க வைத்து, பேனலை அசைத்து இடம் பார்த்து, நடுவிலிருந்து விளிம்புக்கு இறுக்கிக்கொண்டு போவார்கள்.

பிராக்கெட் கிடைக்காவிட்டால் முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளும் வசதி இன்று வந்துவிட்டது. நல்ல வழிதான், பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். அந்த எந்திரங்களில் அதிகம் ஓடும் பிஎல்ஏ 60 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் பக்கத்தில் அதை வைத்தால் பேனல் தொங்கிவிடும். ஏபிஎஸ் இளகத் தொடங்குவது 100 டிகிரி அளவில்தான்.

காற்று உள்ளே போனால் போதாது

பேனல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி ரேடியேட்டருக்கு.

ரேடியேட்டர் வழியே எவ்வளவு காற்று ஓடும் என்பதை அதன் முன்பக்க அழுத்தமும் பின்பக்க அழுத்தமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முன்னால் வாய் பெரிதாக இருந்து பின்னால் வெளியேற வழி இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பக்கப் பேனலில் காணும் வெட்டுகள் கண்ட இடத்தில் வைத்தவை அல்ல. வேகத்தில் போகும்போது எங்கே வெளி அழுத்தம் குறைகிறதோ அங்கே வைத்தவை. அந்தக் குறைந்த அழுத்தம் உள்ளே இருக்கும் சூடான காற்றை உறிஞ்சி எடுக்கிறது. 2013இன் நிஞ்ஜா 300இல் ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால் ஒரு மூடி வைத்து, சூடான காற்றை ஓட்டுநரின் காலில் படாமல் கீழ்நோக்கித் திருப்பினார்கள். பேனலும் விசிறி மூடியும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்து வேறு பைக்கில் வைத்தால் அந்தப் பலன் வராது.

அப்பாச்சி ஆர்ஆர்310இன் எஞ்சின் பின்னோக்கிச் சாய்ந்தது. காற்று முன்பக்கமாக உள்ளே போகும், புகை பின்பக்கமாக வெளியேறும். சாதாரண பைக்குகளில் இது தலைகீழ். இரண்டு பைக்குகளில் சூடு பிறக்கும் இடமே வேறானால், ஒன்றின் பேனலில் உள்ள வெட்டு மற்றொன்றில் தவறான இடத்தில்தான் திறக்கும்.

பெரிய பைக்குகளில் எஞ்சினுக்குப் போகும் காற்றும் ஃபேரிங் வழியே வருகிறது. ஆர்6இல் மூக்கின் நடுவாய் வழியே வரும் காற்று ஃபிரேமின் தலைப்பகுதியைக் கடந்து ஏர்பாக்ஸுக்குப் போகும். வேகத்தில் அந்தக் காற்று லேசாக அமுங்கி உள்ளே நுழையும். 200 கி.மீ. வேகத்தில் அதிகபட்சம் கிடைக்கக்கூடிய கூடுதல் அழுத்தம் சுமார் 1850 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் 2 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. 250 கி.மீ. வேகத்தில் 3 சதவீதம். சிறிய லாபம்தான், ஆனால் பந்தயத்தில் அது கணக்கில் வரும். மாற்றிய முகப்புக்கும் காற்றுக் குழாய்க்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த லாபம் முழுவதும் கசிந்துவிடும். போதாக்குறைக்கு, மழைநீரும் தூசியும் அந்த வழியே உள்ளே நுழையும்.

மூன்றாவது விஷயம் முன் சக்கரத்தின் பாரம். காற்று பைக்கைத் தள்ளுவது தரை மட்டத்தில் இல்லை, ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில். 200 கி.மீ. வேகத்தில் 650 நியூட்டன் விசை தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில் தள்ளினால், 1400 மி.மீ. சக்கர இடைவெளியுள்ள பைக்கில் முன் சக்கரத்திலிருந்து சுமார் 38 கிலோ எடை பின்னால் போய்விடும். உயரமான வைசரோ அகலமான முகப்போ வைத்தால் இந்த எண் இன்னும் ஏறும், ஹேண்டில் லேசாகிவிட்டது போலத் தெரியும். 2024இல் ஆர்ஆர்310க்கு டிவிஎஸ் கொடுத்த சிறகுகள் 3 கிலோ அளவுக்குக் கீழ்நோக்கி அழுத்துவதாக நிறுவனம் சொல்கிறது. அந்தச் சிறகின் நகலைப் பார்த்து எந்தக் கோணத்திலோ வேறு பைக்கில் திருகி வைப்பவருக்கு அழுத்தம் கிடைக்கிறதா, தூக்கல் கிடைக்கிறதா என்று தெரிய வழியே இல்லை.

பந்தயப் பேனல் வேறு, சாலைப் பேனல் வேறு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் பைக்குகளைப் பார்த்து, அதே ஃபைபர் கிட்டைச் சாலைப் பைக்குக்குக் கேட்பவர்கள் உண்டு. பந்தயப் பேனலின் கடமை வேறு. சர்வதேச விதிப்படி அதன் அடிப்பகுதி, எஞ்சின் உடைந்தால் உள்ளே இருக்கும் ஆயிலிலும் கூலன்ட்டிலும் பாதியையாவது தடத்தில் சிந்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் அது தொட்டி போல மூடியே இருக்கும். விளக்குக்கு இடம் இருக்காது. விழுந்தால் ஒரு நிமிடத்தில் கழற்ற வேண்டும் என்பதால் கால்வாசிச் சுற்றில் கழலும் பூட்டுகள் இருக்கும். நெரிசலில் நின்று நின்று போகும் சாலைப் பைக்கின் சூட்டுக்கு அந்த மூடிய தொட்டி உதவாது.

சாலையில் சட்டமும் கூடவே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. நிறம் அந்த விவரங்களில் ஒன்று. சிவப்பு பைக்கில் நீலப் பேனல் ஏற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். வால் பகுதியை மாற்றுகிறவர்கள் மறந்துவிடுவது 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானமும் கால் வைக்க இடமும் வேண்டும், பின் சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்கிறது அது. நம் ஊரில் சேலை கார்டு என்று சொல்வது இதைத்தான். பந்தய வாலை மாட்டும்போது முதலில் கழன்று விழுவது அந்தக் கார்டு. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி உயிர்கள் போயிருக்கின்றன. அழகுக்காக அதைக் கழற்றுவதை நியாயப்படுத்த எந்த வாதமும் இல்லை.

மாட்டி முடித்ததும்

எல்லாம் முடிந்த பிறகு சாலையில் இறங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் எளிமையானவை. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். லிவரோ கட்டைவிரலோ பேனலில் இடித்தால், யூ-டர்ன் அடிக்கும் நேரத்தில் கீழே விழ அதுவே வழி. கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் எங்கும் இழுபடக் கூடாது. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும், ஹேண்டில் எந்தக் கோணத்தில் இருந்தாலும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை முடிந்தவரை அமுக்கி, டயரும் மட்கார்டும் ரேடியேட்டரையோ அடிப்பேனலையோ தொடுகிறதா என்று பாருங்கள். சுவரில் வெளிச்சம் அடித்து விளக்கின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அதன்பின் எஞ்சினை ஓடவிட்டு, விசிறி சுழன்று நிற்கும்வரை பக்கத்தில் நின்று வெப்பம் எங்கே தேங்குகிறது என்று கையால் உணர்ந்து பாருங்கள். பேனல் சைலன்சர் குழாய்க்கு மிக நெருக்கமாக இருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும்.

விபத்தில் பக்கவாட்டில் சரிந்த பைக்கில் எஞ்சின் நன்றாக இருந்தும், பேனலின் விலையைக் கேட்டுவிட்டு வண்டியையே கைகழுவுகிறவர்கள் நிறைய. அதே நேரத்தில், அதே அச்சில் பிறந்த நல்ல பேனல்கள் வேறு பெயரோடு பழைய பாகக் கடைகளில் கிடக்கின்றன. உறவுமுறை தெரியாததால் இரண்டும் வீணாகின்றன. பாக எண்ணையும் பிராக்கெட் எண்ணையும் ஒப்பிட அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியைச் செலவழிக்கிறவர் காசை மிச்சப்படுத்துவார், ஒரு பைக்கைக் காப்பாற்றுவார், குப்பைக்குப் போக இருந்த பிளாஸ்டிக்குக்கும் இன்னொரு ஆயுள் கொடுப்பார். எண்கள் ஒத்துவந்தால் துணிந்து மாட்டுங்கள். ஒத்துவராத இடத்தில் டிரில்லைக் கையில் எடுக்கும் முன், அந்தப் பேனல் தன் சொந்த பைக்கில் எதைத் தாங்கியது, எந்தக் காற்றை எங்கே அனுப்பியது என்று கேளுங்கள். அதற்கு விடை தெரிந்தவர்தான் அதை மாற்றி வைக்கத் தகுதியானவர்.